கர்சன் பிரபுவின் ஏழு பட்டங்கள்

1925 மார்ச் 20 அன்று லண்டனில் கர்சன் பிரபு காலமானார். அப்போது அவர் பெயரில் ஏழு பிரபுப் பட்டங்கள் இருந்தன. அவர் கண்மூடிய கணத்திலேயே நான்கு அற்றுப்போயின. இரண்டு தம்பி மகனுக்குப் போயின. மிச்சமிருந்த ஒன்று மூத்த மகளுக்குப் போனது. உயில் எழுதி யாரும் இப்படிப் பங்கு பிரிக்கவில்லை. பட்டத்தை உயிலில் எழுதி வைக்க முடியாது, விற்க முடியாது, வேண்டாமென்று உதறவும் அந்தக் காலத்தில் வழி கிடையாது. எது யாருக்குப் போக வேண்டும் என்பது அந்தந்தப் பட்டம் உண்டான நாளிலேயே அதன் அரச பட்டயத்தில் ஒரு வாக்கியமாக எழுதி முத்திரையிடப்பட்டிருந்தது.

கர்சனை நாம் 1905 வங்கப் பிரிவினையோடு சேர்த்துத்தான் நினைக்கிறோம். தொல்லியலில் ஆர்வமுள்ளவர்கள் 1904-ம் ஆண்டின் பழங்காலச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைப்பார்கள். ஆங்கிலேயப் பட்டம் எப்படி உண்டாகிறது, எப்படிக் கைமாறுகிறது, எப்படி அழிகிறது என்று கற்கவும் அவரைப் போல நல்ல பாடம் வேறில்லை. அவர் வாங்கிய பட்டங்கள் எல்லாம் 27 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குள் இந்தச் சட்டத்தின் சந்துபொந்துகள் பெரும்பாலும் வந்துபோகின்றன.

முதலில் படிநிலை. கிளைவ், வெல்லெஸ்லி, டல்ஹௌசி, ரிப்பன் என எல்லோரையும் நாம் ‘பிரபு’ என்று சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து கீழாக டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். நாடாளுமன்றத்துக்கு அணியும் சிவப்பு அங்கியைப் பார்த்தாலே படி தெரியும். எர்மைன் என்ற வெண்மயிர்ப் பட்டை டியூக்குக்கு நான்கு வரிசை, மார்க்விஸுக்கு மூன்றரை, ஏர்லுக்கு மூன்று, வைகவுண்டுக்கு இரண்டரை, பாரனுக்கு இரண்டு. இதற்குக் கீழே பாரனெட் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் பரம்பரையாக வருவதுதான், பெயருக்கு முன் ‘சர்’ போட்டுக்கொள்ளலாம். ஆனால் பாரனெட் பிரபு ஆகமாட்டார், பிரபுக்கள் சபையில் அவருக்கு இடமில்லை. கர்சன் குடும்பத்தின் ஏணி இந்தக் கீழ்ப்படியில்தான் தொடங்கியது. 1636-ல் நோவா ஸ்கோஷியா பாரனெட், 1641-ல் இங்கிலாந்து பாரனெட். 1761-ல் ஐந்தாம் பாரனெட்டான சர் நத்தானியல் கர்சன் ஸ்கார்ஸ்டேல் பாரன் ஆனார்.

பட்டம் உண்டாகும் முறை இப்படி. பிரதமர் பரிந்துரைக்கிறார், அரசர் ஒப்புக்கொள்கிறார். எந்தப் பெயரில் பட்டம் என்பதைப் பெறுபவர் கார்ட்டர் என்னும் தலைமை மரபுச்சின்ன அதிகாரியோடு பேசி முடிவு செய்கிறார். உயிரோடிருக்கும் இன்னொரு பட்டத்தோடு குழம்பக்கூடாது. குழம்பும் என்றால் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் ‘கெடில்ஸ்டன் கர்சன்’ என்பதுபோல நீட்ட வேண்டும். பிறகு தோலில் பட்டயம் எழுதப்பட்டு அரசின் பெருமுத்திரை இடப்படுகிறது. முத்திரை விழுந்த நேரத்திலிருந்துதான் பட்டம் உயிர்பெறுகிறது. பத்திரிகையில் செய்தி வந்த நாள் கணக்கில் வராது. பட்டயத்தில் கவனிக்க வேண்டியவை நான்கு: படி, பட்டத்தின் பெயர், எந்தக் கவுண்டியின் எந்த ஊர், யார் யார் வாரிசு. கடைசியில் வரும் வாரிசு வாசகம்தான் பட்டத்தின் ஆயுள் ரேகை. வழக்கமான வாசகம் ‘அவருக்கும், அவருக்குச் சட்டப்படி பிறந்த ஆண்வழி வாரிசுகளுக்கும்’ என்று இருக்கும். மகன், மகனின் மகன், அந்தக் கிளை முடிந்தால் அடுத்த மகனின் கிளை என்று போகும். மகளுக்கு இடமில்லை. பட்டம் பெற்றவரின் தம்பிக்கும் இடமில்லை, ஏனென்றால் தம்பி அவருக்குப் பிறந்தவர் அல்ல. புதிதாகப் பட்டம் வாங்கியவருக்கு மகன் இல்லையென்றால், வீடு நிறையத் தம்பிமார் இருந்தாலும் பட்டம் அவரோடு போய்விடும். முதல் தலைமுறையிலேயே அற்றுப்போன பட்டங்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

1898-ல் கர்சனுக்கு 39 வயது. சவுத்போர்ட் தொகுதியின் காமன்ஸ் சபை உறுப்பினராக இருந்தவரை இந்தியாவின் வைசிராயாக நியமித்தார்கள். வைசிராய் என்றால் பட்டம் வேண்டும். ஆனால் ஐக்கிய ராஜ்யப் பட்டம் வாங்கிக்கொண்டால் காமன்ஸ் சபைக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். இதற்கு ஒரு பழைய வழி இருந்தது, அயர்லாந்துப் பட்டம். 1801-ல் நடப்புக்கு வந்த அயர்லாந்து இணைப்புச் சட்டத்தின்படி அயர்லாந்துப் பிரபுக்கள் எல்லோருக்கும் பிரபுக்கள் சபையில் இடமில்லை. தங்களுக்குள் 28 பேரை ஆயுட்காலப் பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம், அவ்வளவுதான். மற்றவர்கள் பிரிட்டனின் தொகுதிகளில் நின்று காமன்ஸ் சபைக்குப் போகலாம், அயர்லாந்துத் தொகுதிகளில் மட்டும் நிற்கக் கூடாது. பிரதமர் பாமர்ஸ்டன் அயர்லாந்து வைகவுண்ட். அதனால்தான் பிரபுவாக இருந்துகொண்டே காமன்ஸ் சபையில் உட்கார்ந்து ஆட்சி நடத்த முடிந்தது. இணைப்புக்கு முன்பும் இதே வசதி இருந்தது. ஆற்காட்டு முற்றுகையில் பேரெடுத்த ராபர்ட் கிளைவ் 1762-ல் வாங்கியதும் அயர்லாந்துப் பாரன் பட்டம்தான். அதன் பிறகும் ஷ்ரூஸ்பரி தொகுதி உறுப்பினராகவே நீடித்தார்.

இணைப்புச் சட்டத்தில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. அயர்லாந்துப் பட்டங்கள் மூன்று அற்றுப்போனால்தான் புதிதாக ஒன்றை உண்டாக்கலாம், மொத்த எண்ணிக்கை நூறாகக் குறையும் வரை இந்தக் கணக்கு. இப்படி மூன்று குடும்பங்கள் முடிந்துபோன இடத்தில்தான் 1898 நவம்பரில் ‘கெடில்ஸ்டன் கர்சன் பாரன்’ பட்டம் பிறந்தது. அயர்லாந்தில் உண்டாக்கப்பட்ட கடைசிப் பட்டம் அதுதான். ஆனாலும் கர்சனுக்கு அது அவகாசத்தைத்தான் வாங்கிக் கொடுத்தது. தந்தை நான்காம் ஸ்கார்ஸ்டேல் பாரன். அவர் இறந்த நாளில் மூத்த மகன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பிரபுக்கள் சபைக்குப் போயே தீரவேண்டும்.

இங்கே நின்று ஒரு கட்டடத்தைச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் வைசிராய்கள் வாழ்ந்த அரசு மாளிகை, பிற்காலத்தில் மேற்கு வங்க ராஜ்பவன் ஆனது. வெல்லெஸ்லி காலத்தில் 1799-க்கும் 1803-க்கும் இடையில் அதைக் கட்டியபோது டார்பிஷயரின் கெடில்ஸ்டன் மாளிகையைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். கெடில்ஸ்டன், கர்சன் பிறந்த வீடு. இந்தியாவின் வைசிராயாக வந்தவர் தன் சொந்த வீட்டின் சாயலில் கட்டிய மாளிகையில்தான் குடியேறினார்.

1905-ல் அவர் பதவி விலகி ஊர் திரும்பியதும் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவருக்கு ஐக்கிய ராஜ்யப் பட்டம் தர அது முன்வரவில்லை. காமன்ஸ் சபைக்கும் அவர் திரும்பவில்லை. 1908-ல் அயர்லாந்துப் பிரபுக்களின் 28 பிரதிநிதிகளில் ஒருவராகத் தேர்வாகிப் பிரபுக்கள் சபைக்குள் நுழைந்தார். எந்தச் சபையைத் தவிர்க்க அந்தப் பட்டத்தை வாங்கினாரோ, அந்தச் சபைக்கே அது அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1911 பட்டங்களின் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரத்தைக் குறைக்கும் நாடாளுமன்ற மசோதா வந்தது. எதிர்த்தால் நூற்றுக்கணக்கில் புதிய பிரபுக்களை உண்டாக்கிச் சபையை நிரப்புவோம் என்று அரசாங்கம் எச்சரித்தது. வெறும் மிரட்டல் என்று யாரும் ஒதுக்க முடியாது. 1712-ல் ஆன் அரசி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்ற ஒரேயடியாகப் பன்னிரண்டு பேரைப் பிரபுக்களாக்கிய முன்னுதாரணம் இருந்தது. விட்டுக்கொடுக்கும்படி தன் கட்சிக்காரர்களைத் தேற்றியவர்களில் கர்சன் முக்கியமானவர். ஆகஸ்ட் 10 அன்று 131-க்கு 114 என்ற கணக்கில் மசோதா தேறியது.

அதே ஆண்டு நவம்பர் 2-ம் தேதி கர்சனுக்கு ஒரே நாளில் மூன்று பட்டங்கள் கிடைத்தன: கெடில்ஸ்டன் கர்சன் ஏர்ல், ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட், ராவன்ஸ்டேல் பாரன். மூன்றுக்கும் மூன்று விதமான வாரிசு வாசகம். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த ஆவணங்கள் இவைதான். அன்று அவருடைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வயது 52. மனைவி மேரி 1906-லேயே இறந்துவிட்டார். ஐரீன், சிந்தியா, அலெக்ஸாண்ட்ரா என்று மூன்று பெண்கள். மகன் கிடையாது. தந்தைக்கு எண்பது வயது, ஆனால் உயிரோடு இருக்கிறார். தம்பிகள் உண்டு.

ஏர்ல் பட்டத்துக்கு வழக்கமான வாசகம், தனக்குப் பிறக்கும் ஆண்வழி வாரிசுகள். மறுமணம் செய்து மகன் பிறந்தால் பெரிய பட்டம் அவனுக்கு. வைகவுண்ட் பட்டத்துக்குச் சிறப்பு வாசகம்: தனக்கு ஆண்வழி வாரிசு இல்லையென்றால் தன் தந்தைக்கும், தந்தையின் ஆண்வழி வாரிசுகளுக்கும். தந்தையின் ஆண்வழி வாரிசு என்றதும் தம்பிகளும் தம்பி பிள்ளைகளும் உள்ளே வந்துவிடுகிறார்கள். 1911-க்கும் 1916-க்கும் இடையில் கர்சன் இறந்திருந்தால் மகன் வாங்கிய பட்டத்தை வயதான தந்தை அடைந்து இரண்டாம் வைகவுண்ட் ஆகியிருப்பார். தந்தையின் ஸ்கார்ஸ்டேல் பாரன் பட்டம் எந்தத் திசையில் போகுமோ அதே திசையில் இந்த வைகவுண்ட் பட்டமும் போகும்படி கட்டியிருந்தார்கள். குடும்ப மாளிகையும் பழைய பட்டமும் புதிய பட்டமும் ஒரே கையில் நிற்கும். மூன்றாவதான ராவன்ஸ்டேல் பெண்களுக்கு. தனக்கு ஆண்வழி வாரிசு இல்லையென்றால் மூத்த மகளுக்கும் அவளுடைய ஆண்வழி வாரிசுகளுக்கும், அந்தக் கிளை அற்றால் அடுத்த மகளுக்கும் அவளுடைய ஆண்வழி வாரிசுகளுக்கும் என்று பிறந்த வரிசைப்படி போகும்.

சிறப்பு வாசகம் கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது. நாட்டுக்குப் பெரிய சேவை செய்தவர், மகன் இல்லாதவர் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அரசு இரங்கும். கிச்சனருக்கு 1902-ல் இப்படிக் கிடைத்தது. 1916-ல் அவர் கடலில் மாண்டபோது பட்டம் அண்ணனுக்குப் போனது அதனால்தான். இரண்டு பெண்களை மட்டும் பெற்ற மவுண்ட்பேட்டனுக்கும் கிடைத்தது, 1979-ல் அவர் மகள் பெட்ரிஷியா கவுண்டஸ், அதாவது பெண் ஏர்ல், ஆனார். டல்ஹௌசிக்குக் கிடைக்கவில்லை. பஞ்சாபைச் சேர்த்ததற்காக 1849-ல் அவர் வாங்கிய மார்க்விஸ் பட்டம் வழக்கமான வாசகத்தில் இருந்தது. மகன் இல்லாமல் 1860-ல் அவர் இறந்ததும் அது முடிந்தது. முன்னோர் வழியில் வந்த டல்ஹௌசி ஏர்ல் பட்டம் மட்டும் ஒன்றுவிட்ட சகோதரருக்குப் போனது.

நம் சென்னைக்கு நெருக்கமான உதாரணம் ஜார்ஜ் பிகட். மதராஸ் கவர்னராக இருந்தவர், 1766-ல் அயர்லாந்துப் பாரன் ஆனவர். அவருடைய சபை உறுப்பினர்களே 1776-ல் அவரைச் சிறைவைத்தார்கள். 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். திருமணம் ஆகாதவர் என்பதால் பாரன் பட்டம் அன்றே அற்றது. ஆனால் 1764-ல் வாங்கிய பாரனெட் பட்டத்தில் தம்பிகளுக்கும் போகலாம் என்று சிறப்பு வாசகம் இருந்ததால் தம்பி ராபர்ட் பிகட் சர் ராபர்ட் ஆனார். இரண்டு ஆண்டு இடைவெளியில் வாங்கிய இரண்டு பட்டங்கள். ஒன்று அண்ணனோடு போனது, ஒன்று பிழைத்தது.

வாசகத்தில் ஒரு சிறு சொற்றொடர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெவன் ஏர்ல் பட்டம் சாட்சி. 1553-ல் மேரி அரசி எட்வர்டு கோர்ட்னிக்கு அதைக் கொடுத்தார். பட்டயத்தில் ‘அவருடைய ஆண் வாரிசுகளுக்கு’ என்று மட்டும் இருந்தது, ‘அவருக்குப் பிறந்த’ என்ற பகுதி இல்லை. கோர்ட்னி திருமணம் ஆகாமலே 1556-ல் இத்தாலியின் பாதுவாவில் இறந்தார். பட்டம் அற்றுவிட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1603-ல் அதே பெயரில் சார்லஸ் பிளவுண்டுக்கு ஒரு ஏர்ல் பட்டம் கொடுத்தார்கள், அது மூன்றே ஆண்டில் அற்றது. 1618-ல் கேவண்டிஷ் குடும்பத்துக்கு டெவன்ஷயர் ஏர்ல் பட்டமும் கொடுத்துவிட்டார்கள். 1831-ல் தூரத்துக் கிளையைச் சேர்ந்த வைகவுண்ட் கோர்ட்னி வழக்குக் கொண்டுவந்தார். ‘பிறந்த’ என்று இல்லாததால் ஆண்வழியில் வந்த உறவினர் எவரும் வாரிசு ஆகலாம் என்று பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது. 275 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் எழுந்து நின்றது. இடையில் வாழ்ந்து மறைந்த முன்னோர்கள் எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் ஏர்ல்களாக இருந்தார்கள் என்று ஆகி, வழக்கு ஜெயித்தவர் ஒன்பதாம் ஏர்ல் என்று எண்ணப்பட்டார். பட்டயத்தின் மூல வாசகத்தைப் படிக்காமல் ‘அற்றுவிட்டது’ என்று எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

வாரிசுரிமை பிறப்பால் வருவது, முந்தியவர் இறந்த அதே நொடியில் சட்டப்படி அடுத்தவரை அடைந்துவிடும். முந்தியவரின் மனைவி கருவுற்றிருந்தால் மட்டும் பிரசவம் வரை காத்திருப்பார்கள். ஆனால் பட்டம் அடைந்ததும் அதை மற்றவர் ஏற்பதும் வேறு வேறு. ஏற்க வேண்டுமென்றால் நிரூபிக்க வேண்டும். 2004-ல் வந்த அரச ஆணையின்படி பிரபுக்கள் பதிவேடு என்று ஒன்று பராமரிக்கப்படுகிறது. அதில் பெயர் ஏறாதவரை அரசு ஆவணங்களில் பட்டப்பெயரால் குறிப்பிட மாட்டார்கள். முந்தியவரின் இறப்புச் சான்று, உரிமை கோருபவரின் பிறப்புச் சான்று, இவருடைய பெற்றோரின் திருமணச் சான்று ஆகியவை அடிப்படை. தந்தையிடமிருந்து மகனுக்குப் போனால் இதோடு வேலை முடிந்தது. பக்கவாட்டுக் கிளைக்குப் போகும்போதுதான் சிக்கல். தன்னைவிட மூத்த கிளைகள் ஒவ்வொன்றிலும் ஆண் வாரிசு இல்லை என்பதையும் காட்ட வேண்டும். ‘இருந்தார்’ என்று நிரூபிப்பது எளிது, ‘இல்லை’ என்று நிரூபிப்பது கடினம். குடியேற்ற நாட்டுக்குப் போய்த் தொடர்பற்றுப் போன ஒரு இளைய மகன் போதும், கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு மாதாகோயில் பதிவேடுகளே கதி. இளைய மகன்கள் பலர் கம்பெனி வேலையில் இந்தியா வந்தவர்கள். அவர்களுடைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மாகாணவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வங்காளத்துக்கு என்/1, மதராஸுக்கு என்/2, பம்பாய்க்கு என்/3. மதராஸில் எழுதப்பட்ட அடக்கக் குறிப்பு ஒன்று இங்கிலாந்தில் ஒரு கிளையின் கதையை முடித்துவைக்கலாம்.

தத்துப்பிள்ளைக்குப் பட்டம் போகாது. திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தை, பெற்றோர் பின்னால் மணந்து சட்டப்படி உரிமை பெற்றாலும் இங்கிலாந்துப் பட்டத்துக்கு வாரிசு ஆகாது. சொத்து வரும், பட்டம் வராது. பிரிட்டிஷ் பிரபுப் பட்டத்தைப் பரம்பரை உரிமையாகப் பெற்ற ஒரே இந்தியரின் குடும்பமும் இந்தத் திருமணக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது. சத்யேந்திர பிரசன்ன சின்ஹா 1919-ல் ராய்ப்பூர் சின்ஹா பாரன் ஆனார். இது வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்து ராய்ப்பூர். 1928-ல் அவர் இறந்ததும் மகன் அருண் குமார் சின்ஹா சபையில் இடம் கேட்டார். பெற்றோரின் திருமணம் இந்து முறையில் நடந்தது. அன்றைய இந்துச் சட்டம் பலதார மணத்தை அனுமதித்தது. அப்படிப்பட்ட திருமணத்தில் பிறந்தவரைப் பட்டயம் சொல்லும் ‘சட்டப்படி பிறந்தவர்’ என்று கொள்ளலாமா என்பது கேள்வி. சின்ஹாவுக்கு ஒரே மனைவிதான் என்பது யாருக்கும் சந்தேகமில்லாத உண்மை, இருந்தும் கேட்டார்கள். மகன் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டார்கள், அந்தச் சமாஜம் ஒருதார மணத்தையே ஏற்கும், ஆகவே மகன் வாரிசுதான் என்று பிரபுக்கள் சபையின் உரிமைக் குழு 1939-ல் முடிவு செய்தது. பதினோரு ஆண்டுகள் ஆயின. ஒரு நாட்டின் பட்டத்தை இன்னொரு நாட்டுக் குடும்பத்துக்குக் கொடுக்கும்போதே இந்தக் கேள்வியை யோசித்துப் பட்டயத்தில் தீர்த்திருக்க வேண்டும். கொடுத்தவர்களின் அலட்சியத்துக்கு மகன் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அநியாயம்.

இப்போது மரபணுச் சோதனையும் சாட்சியாக வந்துவிட்டது. ஸ்டிச்சில் பிரிங்கிள் பாரனெட் வழக்கில் 2016-ல் பிரிவி கவுன்சில் அதை ஏற்றது. இரண்டு தலைமுறைக்கு முன் பட்டம் அடைந்தவர் எட்டாம் பாரனெட்டின் மகன் அல்ல என்று சோதனை காட்டியதால் பட்டம் இன்னொரு கிளைக்கு மாறியது.

பட்டம் ‘போய்விட்டது’ என்பதிலும் பல வகை உண்டு, ஒன்றோடொன்று குழப்பக் கூடாது. வாசகத்துக்குப் பொருந்தும் வாரிசு எவரும் இல்லையென்றால் அற்றுப்போனது. வாரிசு இருக்கலாம், ஆனால் யாரும் வந்து நிரூபிக்கவில்லை என்றால் உறங்குகிறது. தேசத்துரோகக் குற்றத்தில் நாடாளுமன்றமே பறித்திருந்தால் பறிமுதல். பட்டம் உடையவரே அரசர் ஆகிவிட்டால் முடியோடு கலந்துவிட்டது. இன்னொன்று இங்கிலாந்துக்கே உரியது. பட்டயம் இல்லாமல், சபைக்கு வரச்சொல்லும் அழைப்பாணையால் உண்டான பழைய பாரன் பட்டங்கள் மகள்களுக்கும் போகும். ஆனால் மகள்களுக்குள் மூத்தவள் இளையவள் இல்லை, எல்லோருக்கும் சம பங்கு. பட்டத்தைத் துண்டு போட முடியாது என்பதால் மூன்று சகோதரிகள் இருந்தால் யாருக்கும் இல்லாமல் தொங்கலில் நிற்கும். இரண்டு கிளைகள் அற்று ஒன்று மிஞ்சும்வரை, அல்லது அரசர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை அப்படியே நிற்கும். சில நூறு ஆண்டுகள் தொங்கிய பட்டங்களைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியதால், நூறு ஆண்டுக்கு மேல் தொங்கியதையும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக உரிமை உள்ளவரின் மனுவையும் ஏற்பதில்லை என்று 1920-களில் விதி செய்தார்கள். ராவன்ஸ்டேல் வாசகத்தில் ‘பிறந்த வரிசைப்படி’ என்று எழுதியது இந்தத் தொங்கலைத் தவிர்க்கத்தான். மூன்று பெண்களைப் பெற்ற கர்சனுக்கு அது அவசியமாக இருந்தது.

1916-ல் தந்தை இறந்தார். கர்சன் ஐந்தாம் ஸ்கார்ஸ்டேல் பாரன் ஆனார், இரண்டு பாரனெட் பட்டங்களும் கூடவே வந்தன. 1917-ல் கிரேஸ் டக்கனை மணந்தார். பிள்ளை பிறக்கவில்லை. 1921 ஜூனில் கெடில்ஸ்டன் கர்சன் மார்க்விஸ் பட்டமும் அதோடு கெடில்ஸ்டன் ஏர்ல் பட்டமும் வந்தன, இரண்டுக்கும் வழக்கமான வாசகம். 1923-ல் பிரதமர் பதவி காலியானபோது வெளியுறவு அமைச்சராக இருந்த அவருக்கே கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அரசர் ஸ்டான்லி பால்ட்வினை அழைத்தார். பிரதமர் காமன்ஸ் சபையில் இருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். பட்டத்தைத் துறக்க அன்று சட்டமில்லை. 1963-ல்தான் வந்தது, அதுவும் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் பட்டம் தலையில் விழுந்து காமன்ஸ் இடத்தை இழந்த டோனி பென் விடாமல் போராடியதால். பட்டம் அடைந்த 12 மாதங்களுக்குள் துறக்கலாம், காமன்ஸ் உறுப்பினர் என்றால் ஒரே மாதம்தான் அவகாசம். துறப்பவர் ஆயுளோடு துறப்பும் முடியும். 2014-ல் பென் இறந்ததும் பட்டம் அவர் மகனிடம் போனது.

இனி 1925-க்கு வரலாம். மார்க்விஸ், இரண்டு ஏர்ல்கள், அயர்லாந்துப் பாரன் என நான்கும் அற்றன. மார்க்விஸ் பட்டம் நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை. ஸ்கார்ஸ்டேல் வைகவுண்ட், ஸ்கார்ஸ்டேல் பாரன் இரண்டும் தம்பி மகன் ரிச்சர்டுக்குப் போயின. 1977-ல் ரிச்சர்டு மகன் இல்லாமல் இறந்தார். பட்டங்கள் கர்சனின் இன்னொரு தம்பியின் மகன் பிரான்சிஸை அடைந்தன, தந்தையையும் தந்தையின் வாரிசுகளையும் சேர்த்த 1911 வாசகம் 66 ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்தது. பட்டத்தோடு மாளிகையும் மரண வரியும் வந்தன. 1987-ல் கெடில்ஸ்டன், பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் போனது. பட்டத்தைச் சட்டம் காப்பாற்றும், வீட்டைக் காப்பாற்றாது.

மூத்த மகள் ஐரீன் இரண்டாம் ராவன்ஸ்டேல் பாரனெஸ் ஆனார். ஆனால் சபையில் இடமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1922-ல், வைகவுண்டஸ் ரொண்டா இதே உரிமையைக் கேட்டார். உரிமைக் குழு முதலில் சாதகமாகச் சொல்லி, பிறகு மறுத்துவிட்டது. ஐரீன் 33 ஆண்டுகள் பட்டம் வைத்துக்கொண்டு சபைக்கு வெளியே நின்றார். 1958-ல் ஆயுட்காலப் பிரபுச் சட்டம் வந்தது. முதல் பட்டியலில் இடம்பெற்ற நான்கு பெண்களில் அவர் ஒருவர். இன்னொருவர் முன்னாள் வைசிராய் ரீடிங்கின் மனைவி ஸ்டெல்லா. பரம்பரைப் பட்டத்தால் நுழைய முடியாத கதவில் ஐரீன் கெடில்ஸ்டன் ராவன்ஸ்டேல் பாரனெஸ் என்ற புதிய ஆயுட்காலப் பட்டத்தால் நுழைந்தார். பரம்பரைப் பட்டம் உடைய பெண்களுக்கு 1963-ல்தான் சபை திறந்தது. 1966-ல் ஐரீன் பிள்ளையில்லாமல் இறந்தபோது ஆயுட்காலப் பட்டம் அவரோடு முடிந்தது. பரம்பரைப் பட்டம் 1933-லேயே இறந்துவிட்ட தங்கை சிந்தியாவின் கிளைக்குப் போனது. அங்கே மூத்தது பெண். ‘அவளுடைய ஆண்வழி வாரிசுகள்’ என்ற வாசகம் அந்தப் பேத்தியைத் தாண்டி அவள் தம்பி நிக்கோலஸ் மோஸ்லியிடம் பட்டத்தைக் கொடுத்தது. மகள்களுக்காக எழுதப்பட்ட வாசகமே பேத்தியை ஒதுக்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கர்சனின் காலம் அப்படி என்று சொல்லலாம், ஆனால் பட்டயத்தின் வாசகத்துக்குக் காலாவதி கிடையாது. நாவலாசிரியரான நிக்கோலஸ் 2017-ல் இறந்தார். மூத்த மகன் முன்பே இறந்துவிட்டதால் பேரன் டேனியல் நான்காம் ராவன்ஸ்டேல் பாரன் ஆனார். பரம்பரைப் பிரபுக்களின் இடங்களை 92-ஆக வெட்டிய 1999 சட்டத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் போதாது. அந்த 92-ல் காலியான ஓர் இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து 2019-ல் அவர் சபைக்குள் வந்தார்.

அரச குடும்பத்துக்கு வெளியே புதிய பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் 1980-களோடு நின்றுவிட்டன. 1983-ல் அமைச்சர் வைட்லாவுக்கும், காமன்ஸ் சபாநாயகராக இருந்த டோனிபாண்டிக்கும் வைகவுண்ட் பட்டம் கொடுத்தார்கள். முதலாமவருக்குப் பெண்கள் மட்டும், இரண்டாமவர் மணம் ஆகாதவர். இரண்டும் அவர்களோடு அற்றன. 1984-ல் முன்னாள் பிரதமர் மேக்மில்லனுக்குக் கொடுத்த ஸ்டாக்டன் ஏர்ல் பட்டம் மட்டும் பேரனுக்குப் போனது.

ஏதாவது ஒரு கவர்னரின் பட்டம் என்ன ஆயிற்று என்று தேடுபவர்கள் முதலில் லண்டன் கெஜட்டில் பட்டம் அறிவிக்கப்பட்ட இதழைப் பிடித்து வாரிசு வாசகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அவர் வைத்திருந்த பட்டங்களைத் தனித்தனியாக எழுதிக்கொண்டு ஒவ்வொன்றையும் தனியே தொடர வேண்டும். பெரிய பட்டம் அற்றால் சின்னதும் அற்றிருக்கும் என்று நினைப்பது தவறு. அடுத்து, ஒரே பெயரில் பட்டம் இருப்பதாலேயே ஒரே பரம்பரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கார்ஸ்டேல் என்ற பெயரில் 1645-ல் லீக் குடும்பத்துக்கு ஒரு ஏர்ல் பட்டம் இருந்தது. அது 1736-ல் அற்ற பிறகுதான் கர்சன்கள் அந்தப் பெயரை எடுத்தார்கள், இரண்டு குடும்பத்துக்கும் பட்டத்தில் தொடர்ச்சி இல்லை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-ல் மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அவருடைய மனைவி ஹென்ரியட்டாவின் சகோதரர் போவிஸ் ஏர்ல். அவர் மணமாகாமல் 1801-ல் இறந்ததும் அந்தப் பட்டம் அற்றது. 1804-ல் அதே பெயரில் எட்வர்டு கிளைவுக்குப் புதிய பட்டயம் எழுதப்பட்டது. மனைவி வழியில் சொத்தும் பெயரும் வந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது புதுப் பட்டம். இறந்தவர் இரண்டாம் போவிஸ் ஏர்ல், ஆனால் எட்வர்டு மூன்றாமவர் ஆகவில்லை, முதலாம் போவிஸ் ஏர்ல்தான்.